கடல் தண்ணீரைக் குடிநீராக்க என்ன செலவாகும்? நீங்களே கணக்குப் போட ஒரு முழுமையான வழிகாட்டி

2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தது நினைவிருக்கும். ஐம்பது வேகன், ஒவ்வொன்றிலும் 50,000 லிட்டர், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். 200 கிலோமீட்டருக்கும் மேலே வந்து அது வில்லிவாக்கத்தில் இறங்கியபோது எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: பக்கத்திலேயே இவ்வளவு பெரிய கடல் கிடக்கிறதே, அதை ஏன் குடிநீராக்கக் கூடாது?

அதே கேள்வி எங்கள் குடியிருப்பிலும் வந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி 80 வீடுகள். போர் தண்ணீர் வருடத்துக்கு வருடம் உப்பேறிக்கொண்டே போனது, லாரிச் செலவு ஏறிக்கொண்டே போனது. சங்கக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "கடல் நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது, நாமே ஒரு பிளான்ட் போட்டுவிடலாமே" என்றார். கணக்குப் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. அப்போது நான் போட்ட கணக்கைத்தான் படிப்படியாக இங்கே எழுதுகிறேன். வீட்டுக்கோ குடியிருப்புக்கோ மீனவ கிராமத்துக்கோ நகரத்துக்கோ, எதற்காக யோசித்தாலும் இதே வரிசையில் போனால் போதும்.

முதல் படி: எவ்வளவு தண்ணீர், எதற்கு?

கடல்நீர்த் திட்டங்களின் அளவை எம்.எல்.டி. என்று சொல்வார்கள். ஒரு எம்.எல்.டி. என்றால் ஒரு நாளைக்கு 10 லட்சம் லிட்டர். விலையைக் கிலோலிட்டருக்கு, அதாவது 1,000 லிட்டருக்கு இவ்வளவு என்று பேசுவார்கள். இந்த இரண்டும் மனதில் இருந்தால் செய்தித்தாளில் வரும் எந்த அறிவிப்பையும் நீங்களே பிரித்துப் பார்த்துவிடலாம்.

நகரத் திட்டங்களில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று கணக்கிடுவது வழக்கம். எங்கள் 80 வீட்டுக்கு, வீட்டுக்கு நான்கு பேர் என்று வைத்தால் 43,200 லிட்டர் வருகிறது. 45 கிலோலிட்டர் என்று எடுத்துக்கொண்டேன். இதில் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 5 லிட்டர் போதும், மீதியெல்லாம் குளிக்க, துவைக்க, கழிவறைக்கு. இதைப் பிரித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

இரண்டாம் படி: எதிரே நிற்கும் உப்பு எவ்வளவு?

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. இந்தியக் குடிநீர்த் தரத்தின்படி கரைந்திருக்கும் உப்புகள் மொத்தமாக லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை ஏற்கலாம். ஆக, 35,000 மில்லிகிராமை 500-க்குள் கொண்டுவர வேண்டும்.

காய்ச்சி வடித்தால் என்ன என்று பலரும் கேட்கிறார்கள். ஒரு லிட்டரை 30 டிகிரியிலிருந்து கொதிக்க வைத்து முழுவதும் ஆவியாக்கக் கிட்டத்தட்ட 0.7 யூனிட் மின்சாரம் வேண்டும். யூனிட் 8 ரூபாய் என்றால் லிட்டருக்கு ஐந்தரை ரூபாய், கிலோலிட்டருக்கு 5,600 ரூபாய். கேன் தண்ணீரே இதைவிடக் குறைவு. வளைகுடா நாடுகளில் காய்ச்சி வடிக்கும் பெரிய ஆலைகள் ஓடுகின்றன என்றால், அவை மின் நிலையத்தோடு ஒட்டி நிற்பவை, ஒரே வெப்பத்தைப் பல அடுக்குகளில் திரும்பத் திரும்பப் பயன்படுத்துபவை. கல்பாக்கத்தில் அணுமின் நிலையத்தை ஒட்டிப் பாபா அணு ஆராய்ச்சி மையம் அமைத்த ஆலையும் அந்த வகைதான், அதோடு மெம்பிரேன், அதாவது தண்ணீரை விட்டு உப்பைத் தடுக்கும் மெல்லிய சவ்வு, வைத்த பிரிவும் சேர்ந்தது. கண்ணாடி மூடி போட்ட சூரிய வடிகலம் இலவச வெயிலில் ஓடும், ஆனால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு 3 முதல் 5 லிட்டர்தான் தரும்.

அதனால் இன்று உலகம் முழுக்கப் புதிதாகக் கட்டப்படும் ஆலைகளில் பெரும்பாலானவை, அந்தச் சவ்வின் வழியே கடல்நீரை அழுத்தித் தள்ளும் ஆர்.ஓ. முறைதான். 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் சிட்னி லோப் என்பவரும் இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜனும் சேர்ந்து செய்த மெம்பிரேன்தான் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நம் வீட்டு ஆர்.ஓ. பெட்டி அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும் என்று எனக்கு எப்போதும் ஒரு ஆதங்கம்.

வீட்டு ஆர்.ஓ. பெட்டியில் கடல்நீரை ஊற்றிப் பார்க்காதீர்கள். கடல்நீர் மெம்பிரேனைத் தாண்டாமல் எதிர்த்துத் தள்ளும் அழுத்தமே ஏறக்குறைய 27 பார் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு). அதைவிட அதிகமாக நாம் தள்ளினால்தான் நல்ல தண்ணீர் மறுபக்கம் வரும். வீட்டுப் பெட்டியின் பம்பு தருவது ஐந்து பார் அளவுக்குத்தான். கடல்நீர் ஆலைகள் 55 முதல் 70 பார் வரை அழுத்துகின்றன, அதாவது கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல இருபத்தைந்து மடங்குக்கும் மேல்.

மூன்றாம் படி: மின்சாரக் கணக்கு

இதை அவசரப்படாமல் படியுங்கள், பெரிய ஆலைகளில் மொத்தச் செலவின் கிட்டத்தட்ட பாதி இங்கேதான் இருக்கிறது.

ஒரு கிலோலிட்டர் தண்ணீரை 60 பார் அழுத்தத்துக்குக் கொண்டுபோக 1.67 யூனிட் ஆகும். ஆனால் உள்ளே போகும் கடல்நீர் முழுவதும் நல்ல தண்ணீராக வருவதில்லை, 40 சதவீதம்தான் வரும் என்று வையுங்கள். அப்படியானால் ஒரு கிலோலிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டரை கிலோலிட்டர் கடல்நீரை அழுத்த வேண்டும், 4.2 யூனிட். பம்பும் மோட்டாரும் சேர்ந்து 75 சதவீதத் திறனோடு ஓடினால் 5.6 யூனிட். கடலிலிருந்து இழுப்பது, வடிகட்டுவது எல்லாம் சேர்த்தால் 7 யூனிட் பக்கம் போய்விடும். சின்ன ஆலைகளின் நிலைமை இதுதான்.

பெரிய ஆலைகள் ஒரு வேலை செய்கின்றன. மெம்பிரேனைத் தாண்டாமல் வெளியே வரும் 60 சதவீத உப்புநீரிலும் அழுத்தம் அப்படியே இருக்கிறது. அதைச் சும்மா கடலில் விடாமல், அந்த அழுத்தத்தைப் புதிதாக உள்ளே வரும் கடல்நீருக்கு மாற்றிக் கொடுக்கும் கருவி ஒன்று உண்டு, ஆற்றல் மீட்புக் கருவி. நல்ல கருவி 95 சதவீதத்துக்கும் மேல் மீட்டுத் தரும். இது வந்த பிறகுதான் பெரிய ஆலைகளின் தேவை மொத்தமாக 3 முதல் 4 யூனிட்டுக்குள் அடங்கியது. உங்களிடம் ஒரு நிறுவனம் விலைப்புள்ளி கொடுத்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ஆற்றல் மீட்புக் கருவி இருக்கிறதா என்பதுதான்.

இன்னும் எவ்வளவு குறையும்? இதற்கு இயற்கையே ஒரு எல்லை வைத்திருக்கிறது. உள்ளே எடுக்கும் கடல்நீரில் பாதியை நல்ல தண்ணீராக்க, எந்தக் கருவியாக இருந்தாலும், கிலோலிட்டருக்கு ஏறக்குறைய 1 யூனிட்டுக்குக் கீழே போகவே முடியாது. அரை யூனிட்டில் கடல்நீரைக் குடிநீராக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் பணத்தை எடுக்காதீர்கள்.

சூரிய மின்சாரம் வைத்தால்? தமிழ்நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் ஒரு நாளைக்கு 4 யூனிட் தரும் என்று வைத்தால், பெரிய ஆலையின் திறனில் ஒரு பேனல் கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்கு ஒரு கிலோலிட்டர். கணக்கு அழகாக இருக்கிறது, ஆனால் பேனல் பகலில் மட்டும் ஓடும், ஆலை இருபத்துநாலு மணி நேரமும் சீராக ஓடினால்தான் மெம்பிரேனுக்கும் முதலீட்டுக்கும் நல்லது. அதனால் பகலில் சூரிய மின்சாரம், இரவில் மின்வாரிய இணைப்பு என்று கலந்து யோசிப்பதுதான் சரி.

நான்காம் படி: முதலீடும் வட்டியும்

சென்னைக்குத் தெற்கே நெம்மேலியில் இரண்டாவதாக ஒரு 150 எம்.எல்.டி. ஆலை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது, திட்டச் செலவு சுமார் 1,516 கோடி ரூபாய். பேரூரில் 400 எம்.எல்.டி. ஆலைக்கு 2023 ஆகஸ்ட்டில் அடிக்கல் நாட்டினார்கள், மதிப்பீடு சுமார் 4,276 கோடி. இரண்டையும் வகுத்துப் பாருங்கள்: ஒரு எம்.எல்.டி.க்குப் பத்திலிருந்து பதினொன்று கோடிக்குள் வருகிறது. நான் பத்து கோடி என்று எடுத்துக்கொள்கிறேன்.

இந்தப் பத்து கோடியை 25 வருடத்தில் 8 சதவீத வட்டியோடு திருப்பிக் கட்டினால் வருடத்துக்குச் சுமார் 94 லட்சம். ஆலை வருடத்தில் 90 சதவீதம் ஓடினால் ஒரு எம்.எல்.டி. 3.28 லட்சம் கிலோலிட்டர் தரும். ஆக, கிலோலிட்டருக்கு 28 ரூபாய் முதலீட்டுக்கே போகிறது. அதே கடன் 3 சதவீத வட்டிக்குக் கிடைத்தால் இது 17 ரூபாயாக இறங்கிவிடும். நெம்மேலிக்கு ஜெர்மனியிடமும் பேரூருக்கு ஜப்பானிடமும் ஏன் கடன் வாங்கினார்கள் என்பது இந்தப் பதினொரு ரூபாயைப் பார்த்தால் புரியும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆலை பாதி நேரம் சும்மா கிடந்தால்? மின்சாரச் செலவு குறையும், ஆனால் தவணை குறையாது. 28 ரூபாய் 56 ஆகிவிடும். ஆஸ்திரேலியாவில் இதுதான் நடந்தது. நீண்ட வறட்சியில் பயந்துபோய்ப் பெரிய பெரிய ஆலைகள் கட்டினார்கள், கட்டி முடிப்பதற்குள் நல்ல மழை வந்துவிட்டது. சிட்னி ஆலை 2012-இல் நிறுத்தப்பட்டு 2019-இல்தான் மறுபடி ஓடியது. மெல்போர்னுக்கான ஆலை 2012-இல் முடிந்தும் முதல் தண்ணீர் 2017-இல்தான் வாங்கப்பட்டது. அதுவரையிலும் தவணையை மக்கள் தண்ணீர் பில்லில் கட்டினார்கள். ஏரி நிரம்பினாலும் ஆலை ஓட வேண்டுமா, நிற்க வேண்டுமா, நின்றால் யார் கட்டுவது? ஒப்பந்தம் போடும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது.

ஐந்தாம் படி: சில்லறைச் செலவு என்று நினைப்பவை

மெம்பிரேனுக்கு அழுக்கு ஆகாது. கடல்நீரை அப்படியே விட்டால் மண்ணும் பாசியும் எண்ணெயும் அடைத்துச் சில வாரங்களில் அழுத்தம் ஏறிவிடும். அதனால் மணல் வடிகட்டி, நுண்வடிகட்டி என்று ஒரு வரிசையே முன்னால் நிற்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையிலும் புயலிலும் நம் கரையில் கடல் கலங்கும்போது இந்த முன்வரிசைதான் ஆலையைக் காப்பாற்றும், அல்லது கைவிடும். இந்த இடத்தில் மிச்சம் பிடித்துக் கட்டப்பட்ட ஒரு சின்ன ஆலையை நான் நேரில் பார்த்திருக்கிறேன், ஒரே மழைக்காலத்தில் மெம்பிரேன் மொத்தமும் மாற்ற வேண்டி வந்தது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஐந்து முதல் ஏழு வருடம் உழைக்கும் பொருள் அது.

மெம்பிரேன், ரசாயனம், ஆட்கள், பராமரிப்பு எல்லாம் சேர்த்துப் பெரிய ஆலைக்குக் கிலோலிட்டருக்குப் பத்து ரூபாய் என்று நான் வைக்கிறேன். இப்போது கூட்டிப் பாருங்கள். முதலீடு 28, மின்சாரம் மூன்றரை யூனிட் எட்டு ரூபாய் வீதம் 28, மற்றவை 10. மொத்தம் 66 ரூபாய். குறைந்த வட்டியில் 55. லிட்டருக்கு ஆறு பைசா பக்கம். 20 லிட்டர் கேன் அளவுக்கு ஒன்றேகால் ரூபாய்!

இந்தக் கணக்கு நடப்போடு ஒத்துப்போகிறதா? 2010-இல் மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில் திறந்த 100 எம்.எல்.டி. ஆலை தனியார் கட்டி நடத்தி விற்கும் ஒப்பந்தம், அதில் தொடக்க விலையே 48 ரூபாய்க்குச் சற்று மேல். துபாயில் ஹஸ்யான் திட்டத்துக்கு 2023-இல் வந்த ஏலத்தொகை கிலோலிட்டருக்கு 36.5 அமெரிக்க சென்ட், நம் பணத்தில் 30 ரூபாய். மலிவான சூரிய மின்சாரம், மலிவான கடன், 800 எம்.எல்.டி.க்கும் மேலான அளவு, இந்த மூன்றும் ஒன்றுசேர்ந்தால் அந்த விலை.

ஆறாம் படி: வந்த தண்ணீரைக் குடிக்கத் தக்கதாக்குவது

மெம்பிரேனிலிருந்து வரும் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் கிட்டத்தட்ட இல்லை. அப்படியே குழாயில் விட்டால் இரும்பையும் சிமென்ட்டையும் அரிக்கும். அதனால் சுண்ணாம்பும் கரியமில வாயுவும் சேர்த்துச் சரிசெய்து, குளோரின் கலந்து அனுப்புகிறார்கள். கடல்நீரில் போரான் என்ற தனிமம் லிட்டருக்கு 4.5 மில்லிகிராம் அளவில் உண்டு, அது மெம்பிரேனை ஓரளவு ஏய்த்துவிட்டு வந்துவிடும். உலகச் சுகாதார அமைப்பின் வரம்பு 2.4. பரிசோதனை அறிக்கையில் இந்த ஒரு வரியைத் தேடிப் பாருங்கள்.

ஏழாம் படி: மீதி உப்பு எங்கே போகிறது, கரையில் யார் இருக்கிறார்கள்?

100 எம்.எல்.டி. ஆலை 45 சதவீதம் எடுத்தால், 222 எம்.எல்.டி. கடல்நீரை இழுத்து 122 எம்.எல்.டி. உப்புநீரைத் திருப்பி விடுகிறது, லிட்டருக்கு 64 கிராம் உப்போடு. உலகம் முழுக்க எடுத்தால் ஒரு நாளைக்கு 9.5 கோடி கிலோலிட்டர் நல்ல தண்ணீருக்கு 14.2 கோடி கிலோலிட்டர் உப்புநீர் வெளியேறுகிறது என்று ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகத்தின் 2019 ஆய்வு சொன்னது.

அடர்ந்த உப்புநீர் கனமானது, அடியில் தங்கும். ஆழமான, நீரோட்டம் உள்ள இடத்தில் பல துளைகள் வழியே பீய்ச்சிக் கலக்க வைத்தால் சேதம் பெருமளவு குறையும். கரையோரத்தில் ஒரே குழாயில் கொட்டினால் அடித்தரை உயிர்கள் பாதிக்கப்படும். உள்ளே இழுக்கும் குழாயில் மீன்முட்டையும் குஞ்சும் போய்விடாமல் இழுப்பு வேகம் மெதுவாக இருக்க வேண்டும். நெம்மேலி ஆலையை ஒட்டியுள்ள சூளேரிக்காட்டுக்குப்பம் மீனவர்கள் கரை அரிக்கப்படுவதாகவும் மீன் குறைந்ததாகவும் பல வருடங்களாகச் சொல்லி வருகிறார்கள். நகரத்துக்குத் தண்ணீர், குப்பத்துக்குக் கரை இழப்பு என்பது என்னால் ஏற்க முடியாத கணக்கு. கரைப் பாதுகாப்பும் இழப்பீடும் திட்டச் செலவிலேயே ஒரு வரியாக இருக்க வேண்டும், அதைச் சேர்த்த பிறகு வரும் விலைதான் உண்மை விலை.

யாழ்ப்பாணத்துக் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். இரணைமடுக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகத்தான் முதலில் திட்டம். கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள், அவர்கள் வயல் அந்தக் குளத்தை நம்பி இருக்கிறது. கடைசியில் ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனில் தாளையடியில் 24 எம்.எல்.டி. கடல்நீர் ஆலை கட்டி 2024 ஆகஸ்ட்டில் திறந்தார்கள். குளத்துத் தண்ணீர் விலையில் குறைவுதான், ஆனால் அதற்கு ஏற்கெனவே உரிமைக்காரர்கள் இருந்தார்கள். கடல்நீர் ஆலை சாத்தியமா என்பதைச் சில நேரம் ரூபாய்க் கணக்கைத் தாண்டி இப்படித்தான் முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.

எட்டாம் படி: தூரமும் உயரமும்

ஒரு கிலோலிட்டரை 100 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, பம்புத் திறனையும் சேர்த்து 0.4 யூனிட் வேண்டும். சென்னை கடல் மட்டத்தில் கிடப்பதால் கவலை இல்லை. பெங்களூரு 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்றுவதற்கே மூன்றரை யூனிட், அதாவது உப்பெடுக்க ஆகும் மின்சாரம் இன்னொரு மடங்கு. கடல்நீர் கடற்கரை ஊர்களுக்கான தீர்வு என்று சொல்வதற்கு இதுதான் காரணம்.

லட்சத்தீவின் கவரத்தியில் 2005-இல் சென்னையின் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் வேறு முறையில் ஓர் ஆலை அமைத்தது. கடலின் மேல்மட்டத்து வெதுவெதுப்பான நீரைக் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கி, ஆழ்கடலின் குளிர்ந்த நீரால் அந்த ஆவியைத் தண்ணீராக்குவது. ஒரு நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர். கரைக்குப் பக்கத்திலேயே கடல் ஆழமாக இறங்கும் தீவுக்கு அது அருமை. நம் கரையில் அவ்வளவு ஆழத்துக்கு வெகுதூரம் போக வேண்டும்.

ஒன்பதாம் படி: மற்ற வழிகளோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

எங்கள் குடியிருப்புக் கணக்கு இப்படி வந்தது. 45 கிலோலிட்டர் ஆலைக்கு ஒரு கோடி என்று வைத்தேன், பத்து வருடம், 10 சதவீத வட்டி, கிலோலிட்டருக்கு 110 ரூபாய். மின்சாரம் 7 யூனிட், 9 ரூபாய் வீதம் 63. இரண்டு ஆட்கள் சம்பளம் 32. மெம்பிரேனும் ரசாயனமும் 20. மொத்தம் 225 ரூபாய். லாரித் தண்ணீர் 12,000 லிட்டர் 1,800 ரூபாய் என்றால் 150. அதற்கு மேல் கடலுக்குள் குழாய் போடக் கடலோர மண்டல அனுமதி வேண்டும், நடுவில் இருக்கும் நிலம் நம்முடையது அல்ல, உப்புநீரை விட வழியும் இல்லை. கூட்டத்தில் இதைச் சொன்னபோது சிலருக்கு வருத்தம்தான், ஆனால் நூறு கிலோலிட்டருக்குக் கீழே கடல்நீர் ஆலை என்பது வேறு வழியே இல்லாத தீவுக்கும் ஆழ்கடல் கப்பலுக்கும்தான் பொருந்தும் என்பது என் முடிவு.

அப்புறம் ஒருவர், உப்பேறிய போர் தண்ணீரையே ஆர்.ஓ. செய்யலாமே என்றார். லிட்டருக்கு 3, 4 கிராம் உப்பு என்றால் அழுத்தம் மிகவும் குறைவு, ஒரு யூனிட் சுற்றி முடிந்துவிடும், விலையும் கட்டுப்படியாகும். ஆனால் நாம் உறிஞ்ச உறிஞ்சக் கடல் இன்னும் உள்ளே வரும், வெளியேறும் உப்புநீரை மறுபடி மண்ணிலேயே விட்டால் பக்கத்து வீட்டுக் கிணறும் போய்விடும். இதை நான் கடுமையாக எதிர்த்தேன்.

நகரத்துக்கும் இதே ஒப்பீடுதான். கழிவுநீரைச் சுத்திகரித்து ஆர்.ஓ. வரை கொண்டுபோனால் உப்பு கடல்நீரில் இருப்பதில் சிறு பங்கே, மின்சாரமும் அப்படியே குறையும். கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் தலா 45 எம்.எல்.டி. ஆலைகள் 2019 முதல் தொழிற்சாலைகளுக்கு அப்படித் தண்ணீர் தருகின்றன. தொழிற்சாலை அதை வாங்கிக்கொண்டால் ஏரித் தண்ணீர் வீட்டுக்கு மிஞ்சும். குழாய்க் கசிவை அடைப்பதும் அதே வகை. இவற்றையெல்லாம் செய்த பிறகும் மழை பொய்க்கும் வருடத்தில் ஒரு பெரிய கடற்கரை நகரத்துக்குக் குறைவு வரும், அந்தக் குறைவுக்குக் கடல்நீர் வேண்டும். மீஞ்சூர் ஆலையும் நெம்மேலியின் பழைய முதல் ஆலையும் இல்லாமல் 2019 கோடையை நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

எங்கள் குடியிருப்பில் கடைசியில் செய்தது இது. மொட்டைமாடி மழைநீரை மூடிக் கிடந்த பழைய திறந்த கிணற்றுக்குத் திருப்பினோம், வீட்டுக்கு வீடு மீட்டர் வைத்தோம், குளிக்கிற துவைக்கிற தண்ணீரைச் சுத்திகரித்துக் கழிவறைக்கு விட்டோம், மெட்ரோ வாட்டர் இணைப்புக்கு எழுதிக் கொடுத்தோம். லாரி முன்பு தினமும் மூன்று நடை வந்தது, இப்போது ஒன்று. கிணற்றுத் தண்ணீரின் டி.டி.எஸ். அளவை, அதாவது கரைந்திருக்கும் உப்பின் அளவை, மாதம் ஒரு முறை எடுத்து வாட்ச்மேன் அறைச் சுவரில் எழுதி வைக்கிறோம்.